பல்லு வந்தது, சொல்லு போச்சு

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். சோபாக்காரருக்கு எல்லாமே தலைகீழ். பல்லு வந்துதான் சொல்லுப் போய்க்கொண்டிருந்தது.

காலையில் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. நாக்கு பழைய இடத்தில் இல்லை. அடியில் யாரோ பஞ்சை அடைத்துத் தூக்கிவிட்ட மாதிரி மேலே ஏறி நின்றது. எச்சில் விழுங்கினால் தொண்டையில் முடிச்சு விழுந்தது. இடது தாடைக்குக் கீழே தொட்டுப் பார்த்தார். பலகை மாதிரி விறைத்திருந்தது. சூடு வேறு.

துண்டை எடுத்துத் தாடையைச் சுற்றி உச்சியில் முடிந்துகொண்டார். யாராவது கேட்டால் காது வலி என்று சொல்லிவிடலாம். காதுக்குள் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான்.

"என்னண்ணே தலைக்கட்டு? பொண்ணு பாக்கப் போறியா?"

கேட்டது தம்பி. தெருவில் அவனுக்குக் கத்தரி என்று பெயர். துணி வெட்டுவதில் கெட்டிக்காரன். அடுத்தவன் பேச்சை வெட்டுவதில் அதைவிடக் கெட்டிக்காரன்.

"காது வலி" என்றார் சோபாக்காரர். அது "ஆது வயி" என்று வந்தது.

"காது வலிச்சா வாய் ஏன் குழறுது? டீயைக் குடி, சரியாப்போகும்."

குடித்தார். போன டீ போன வேகத்தில் உதட்டோரம் வழிந்து சட்டையில் இறங்கியது.

"முதல்ல சட்டைக்கு, அப்புறம் உனக்கா? சரி சரி, சட்டையும் பாவம், காலையிலேருந்து ஒண்ணும் குடிக்கல."

சோபாக்காரர் சிரிக்கவில்லை. சிரிக்க வாய் திறந்தால்தானே.

இந்த வாய்க்கு வந்த கதை தெருவுக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இளைய மகளைக் கட்டிய மாப்பிள்ளை பல் டாக்டர். சொந்தமாகக் கிளினிக் திறந்த கையோடு, மாமனாரின் இடது கீழ்த்தாடையில் விழுந்துபோன இரண்டு பல்லுக்குப் பதில் புதுப் பல் வைத்துத் தருகிறேன் என்றான். காசு வேண்டாம் என்றான். கடைக்காரன் தராசையே ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுச் சாமான் வாங்குகிற மனுஷனிடம் காசு வேண்டாம் என்றால் சந்தேகம் வராதா? மகள் அழுது மூக்கைச் சிந்திய பிறகுதான் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எலும்புல துளை போட்டு, பல்லுக்கு ஒரு இம்பிளான்ட் வைப்போம் மாமா. அது எலும்போட ஒட்டிக்கிட்டதும் அது மேல பல்லு மாட்டுவோம்" என்று மாப்பிள்ளை விளக்கினான்.

"ஆணின்னு சொல்லு."

"ஆணி இல்ல மாமா, திருகாணி மாதிரி..."

"அப்ப ஆணிதான்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் அதற்கு ஆணி என்றே பெயராகிவிட்டது. 'அப்பாவுக்கு ஆணி அடிச்சாச்சு' என்று மகள் போனில் அம்மாவிடம் சொன்னாள். 'ஆணி எப்படி இருக்கு மாமா?' என்று மாப்பிள்ளையே கேட்கத் தொடங்கிவிட்டான். வாயில் ஆணி வைத்தே பிழைக்கிற ஒருத்தர் வீட்டில் இப்படி ஒரு பெயர் வைக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.

ஆமாம், வாயில் ஆணி வைத்துத்தான் அவர் பிழைப்பு. சோபாவுக்கு உறை போடும்போது ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும். இன்னொரு கை காந்தச் சுத்தியலைப் பிடிக்கும். ஆணியை யார் பிடிப்பது? சோபாக்காரனுக்கு வாய்தான் மூன்றாவது கை. ஒரு பிடி குட்டை ஆணியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். நாக்கு ஒவ்வொன்றாகப் புரட்டி, தலை வெளியே தெரிய உதட்டுக்குக் கொண்டுவரும். சுத்தியல் காந்தம் வந்து ஒற்றி எடுக்கும். டக். அடுத்தது.

"கெட்டியா எதையும் கடிக்காதீங்க. வாயைச் சுத்தமா வச்சுக்குங்க. மாத்திரையை நடுவுல நிறுத்தாதீங்க" என்று மாப்பிள்ளை சொல்லித்தான் அனுப்பினான்.

முதலில் சில நாள் ஆணியைத் தம்பி கையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி அடித்துப் பார்த்தார். வேலை நத்தையாக நகர்ந்தது. கடைசியில் அவரே ஒரு நியாயம் கண்டுபிடித்தார். கடிக்காதே என்றுதானே சொன்னான்? நான் எங்கே கடிக்கிறேன்? சும்மா வைத்துக்கொள்கிறேன். அதுவும் வலது கன்னத்தில்.

"புதுப் பல்லு வந்தாச்சு, இனிமே ஆணியைச் சவைச்சே துப்பலாம்" என்று சொல்லிக்கொண்டே கத்தரி தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி எடுத்து அண்ணன் உள்ளங்கையில் கொட்டினான்.

ஆனால் நாற்பது வருஷமாக இடது கன்னத்துக்கே பழகிய நாக்குக்கு நியாயம் தெரியுமா? மத்தியானத்துக்குள் ஆணியெல்லாம் பழைய இடத்துக்குப் போய்விட்டன. ஒன்று மாப்பிள்ளை போட்ட தையல் மேலேயே குத்தியது. ரத்தத்தைத் துப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். வலி நின்ற அன்றைக்கே மாத்திரையையும் நிறுத்திவிட்டார். வலிக்காதவனுக்கு எதுக்கு மாத்திரை? மருந்துக் கடைக்காரன் பிழைக்கவா?

அந்த ஆணிகளின் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். கையிலிருந்த வேலை மூன்று பேர் உட்காரும் ஒரு பழைய சோபா. மூடப்போன விடுதி ஒன்றின் கொல்லைப்புறத்தில் மழையில் கிடந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே எலி குடும்பமே நடத்தியிருந்தது. பஞ்சு, ஸ்பிரிங், பட்டை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். ஆணியை மட்டும் எறியவில்லை. துருப்பிடித்திருந்தாலும் வளையாத ஆணியை எறிய அவருக்கு மனசு வராது. பிடுங்கிப் புது ஆணி டப்பாவிலேயே போட்டுவிட்டார். கத்தரி தன் பையை நிரப்பிக்கொள்வதும் அந்த டப்பாவிலிருந்துதான்.

சோபா யாருக்கு என்று மகளுக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்கும் தெரியாது. கிளினிக்கில் நோயாளிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்துதான் அவர் இந்தப் பழைய சோபாவைத் தேடிப் பிடித்தார். 'காசு வேண்டாம்' என்றவனுக்குக் காசு வேண்டாத பதில். முடித்து, ஒருநாள் காலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டுப் பேசாமல் வந்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. முதுகுப் பக்கத்தில் ஒரு முழம்தான் பாக்கி.

அதனால்தான் வீக்கத்தையும் மறைத்தார். புதுக் கிளினிக்கில் சொந்த மாமனாரே கன்னம் வீங்கிப் போய் உட்கார்ந்திருந்தால் எவன் உள்ளே வருவான்? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் அமுங்கிவிடும் என்று பார்த்தார். அமுங்கவில்லை. கீழே இறங்கியது. வீட்டுக்காரம்மா மூத்த மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவள் இருந்திருந்தால் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, அம்மா கூப்பிட்டா ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க?"

"வேல."

"வாயில என்ன வச்சிருக்கீங்க?"

"ஒண்ணுயில்ல."

மகள் போனை வைத்துவிட்டாள். திட்டாமல் வைத்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிப்பதற்குள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டாள். கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள் அவள்தான். சோபாக்காரர் அவசரமாகப் பழைய போர்வையை எடுத்து சோபாவை மூடினார். அவள் சோபாவைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து துண்டின் முடிச்சை அவிழ்த்தாள். தாடையைத் தொட்டாள். சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டாள்.

"எப்பலேருந்து இப்படி இருக்கு?"

அப்பா கையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"சித்தப்பா, உங்களைத்தான் கேக்கறேன்."

"நேத்து கொஞ்சம் உப்பினாப்ல இருந்துச்சு."

"கூடவே இருக்கீங்க. கண்ணை எங்க வச்சிருந்தீங்க?"

"துணியைப் பாக்கவே நேரமில்ல, இதுல உங்கப்பன் மூஞ்சியை வேற பாக்கணுமா?" கத்தரி குரலை உயர்த்தினான். "அன்னைக்கே சொன்னேன். வேலியில போன ஓணானைப் பிடிச்சு வாயில விட்டுக்காதன்னு. என் பேச்சை இந்த வீட்டுல யாரு கேட்டா?"

மகள் அதற்குள் போனில் கணவனிடம் பேசிக்கொண்டிருந்தாள். "உடனே வாங்க. அப்பாவால பேச முடியல."

மாப்பிள்ளை வந்தான். இவன் சாதாரணமாக ஓயாமல் பேசுகிறவன். ஊசி குத்துகிற நேரத்திலும் கதை சொல்லிக்கொண்டே குத்துகிறவன். அதனாலேயே சோபாக்காரருக்கு இவன் மேல் அரை நம்பிக்கைதான்.

"ஆ காட்டுங்க மாமா."

ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. விளக்கை அடித்துப் பார்த்தான்.

"நாக்கை நீட்டுங்க."

நாக்கு உதட்டைத் தாண்டவில்லை.

மாப்பிள்ளை விளக்கை அணைத்தான். கதை எதுவும் சொல்லவில்லை. பேசுகிற டாக்டரைச் சோபாக்காரர் சந்தேகப்பட்டிருக்கிறார். பேச்சை நிறுத்திய டாக்டரை இப்போதுதான் பார்த்தார்.

"மாத்திரை முழுசா முடிச்சீங்களா?"

தலையை ஆட்டினார். ஆமாம்.

"அந்த இடத்துல ஏதாவது குத்துச்சா? வாயில ஏதாவது வச்சீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

கேள்வி கேட்கிறவன் பதிலை மடியில் வைத்துக்கொண்டுதான் கேட்பான் என்பது அவர் எண்ணம். உண்மையைச் சொன்னால் மகள் முன்னால் மானம் போகும். போர்வைக்குக் கீழே இருப்பதும் வெளியே வரும். தலையைக் குறுக்கே ஆட்டினார். இல்லை.

பக்கத்தில் நின்ற கத்தரி வாயைத் திறந்தவன், அண்ணன் தலை ஆடியதைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றான் மாப்பிள்ளை. "இப்பவே."

காரின் பின்சீட்டில் மகள் அவரைத் தன் மடியில் சாய்க்கப் பார்த்தாள். சாய்ந்த நொடியில் மூச்சு நின்றது. தொண்டையில் யாரோ கதவைச் சாத்தின மாதிரி. துள்ளி எழுந்து முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். எச்சில் கோடாக ஒழுகியது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

"படுக்க வைக்காத" என்றான் மாப்பிள்ளை, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவர் உக்காந்தே வரட்டும்."

அவன் பக்கத்தில் கத்தரி. இத்தனை தூரம் பேசாமல் வருவது அவனுக்கு வாழ்நாளில் முதல்முறை.

"ஆணியாலதானா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

"அந்த இடத்துலேருந்துதான் கிளம்பியிருக்கு."

"நல்லாத்தானே வச்சீங்க?"

"வச்சது நல்லாத்தான் இருந்துச்சு. கருவியெல்லாம் சுத்தமா இருந்துச்சான்னுதான் இப்ப சந்தேகம். ஆவியில வேக வைக்கிற மெஷின் புதுசு. அதுல கோளாறு இருந்திருந்தா?" ஒரு வளைவைக் கடந்தான். "அன்னைக்கு அதே கருவியில இன்னும் ரெண்டு பேருக்குப் பண்ணினேன். அவங்களைக் கூப்பிட்டு உடனே வரச்சொல்லு. மத்த எல்லாரையும் வர வேண்டாம்னு சொல்லிடு."

"எத்தனை நாளைக்கு?"

"கிளினிக்கையே பூட்டறேன். தப்பு எங்கன்னு தெரியாம இன்னொருத்தர் வாயில நான் கை வைக்கமாட்டேன்."

சோபாக்காரருக்கு எல்லாம் கேட்டது. காது வலி என்று சொன்னாரே, காதுதான் இப்போது நன்றாக வேலை செய்தது. பயல் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறான். செய்யாத தப்புக்கு. அவர் முன்சீட்டைத் தட்டினார்.

"ஆ... ணி" என்றார். உயிரைக் கொடுத்துச் சொன்னார். "ஆணி."

மகள் கணவனின் பின்தலையைப் பார்த்தாள். "கேட்டுச்சா? அவரே சொல்றாரு."

"கேட்டுச்சு" என்றான் மாப்பிள்ளை.

முன்சீட்டில் கத்தரியின் தோள் மட்டும் ஒருமுறை அசைந்தது.

ஆஸ்பத்திரியில் நாற்காலி வண்டியில் வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பெரிய டாக்டர் ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கழுத்தை அமுக்கிப் பார்த்தார். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"தொற்று நாக்குக்கு அடியில பரவிக் கழுத்துக்கு இறங்குது. இன்னும் கொஞ்சம் வீங்கினா மூச்சுப் பாதை அடைச்சுக்கும். இப்ப மயக்கம் கொடுக்க முடியாது. முழிச்சிருக்கும்போதே மூக்கு வழியா குழாய் விட்டு மூச்சுக்கு வழி பண்ணணும். அப்புறம் தாடைக்குக் கீழ கீறிச் சீழை எடுக்கணும். அந்த ரெண்டு இம்பிளான்டையும் கழட்டிடுவேன். யாரு வச்சது?"

"நான்தாங்க" என்றான் மாப்பிள்ளை. "என் கிளினிக்ல. தப்பு என் பக்கம்தான் இருக்கும்னு நினைக்கிறேன்."

டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு விஷயம் தெரியணும். வெளியிலேருந்து துரு, மண்ணு, அழுக்கு, ஏதாவது உள்ள போச்சா? போயிருந்தா நான் குடுக்கிற மருந்தே வேற. வீட்டுல யாருக்காவது தெரியுமா?"

"அப்படி எதுவும் இல்லைங்க" என்றாள் மகள். "இவரு கேட்டாரு. அப்பா இல்லைன்னுட்டாரு."

இல்லை என்று ஆட்டின தலையை இப்போது சோபாக்காரர் ஆமாம் என்று ஆட்டினார். பலமாக ஆட்டினார். டாக்டரம்மா குனிந்தார்.

"என்ன, சொல்லுங்க."

"ஆணி."

"இம்பிளான்டைச் சொல்றாருங்க" என்று மகள் விளக்கினாள். "எங்க வீட்டுல அதுக்கு அப்படித்தான் பேரு."

இல்லை என்று கையை வீசினார். உதட்டிலிருந்து எதையோ எடுப்பதுபோல் செய்தார். காற்றில் சுத்தியலால் தட்டிக் காட்டினார். டக், டக்.

மாப்பிள்ளை அவர் முன்னால் மண்டி போட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "ஆமா மாமா. நான்தான் அடிச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

அட முட்டாப் பயலே, என்று சொல்ல வாய் இல்லை. சோபாக்காரர் டாக்டரம்மாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். அவருக்கு எழுத வருவது அளவும் வாடிக்கைக்காரர் பெயரும்தான். அதனால் தன் வேட்டி மேலேயே வரைந்தார். தட்டையான தலை. நேர்க்கோடு. கீழே கூர்.

நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். எலும்புக்குள் அடிக்கிற ஆணியும் சோபாவுக்கு அடிக்கிற ஆணியும் கோட்டில் வரைந்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"அதேதான்" என்றான் மாப்பிள்ளை.

"எடுத்துடுவோம், கவலைப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. பேனாவை மெதுவாக வாங்கிக்கொண்டார். "நேரமில்ல. தள்ளுங்க."

வண்டி நகர்ந்தது. சோபாக்காரர் தலையைத் திருப்பித் தம்பியைத் தேடினார்.

கத்தரி சுவரோரமாக நின்றிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. இவனுக்குத் தெரிகிறது. எந்த ஆணி என்று தெரிகிறது. அள்ளிக் கொட்டினது யார் கை என்றும் தெரிகிறது. அவனைப் பார்த்துக் கையை நீட்டினார். சொல்லு.

கத்தரியின் கண் மகளிடம் போனது. அங்கிருந்து, தரையைப் பார்த்து நின்ற மாப்பிள்ளையிடம் போனது. டாக்டரம்மாவிடம் போனது. வாய் ஒருமுறை திறந்தது.

"தைரியமாப் போ அண்ணே" என்றான்.

ஊரார் பேச்சையெல்லாம் வெட்டினவன் தன் பேச்சை அதோடு வெட்டிக்கொண்டான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். திரும்பின வேகத்தில் அவன் சட்டைப் பைக்குள் ஆணிகள் கலகலவென்று குலுங்கின.

மகள் திரும்பிப் பார்த்தாள். "என்ன சத்தம் சித்தப்பா?"

கதவு இரண்டு பக்கமும் விரிந்தது. தம்பி சொன்ன பதில் அவர் காதில் விழுவதற்குள் மூடிக்கொண்டது. தராசைக்கூட நம்பாத மனுஷன், தம்பியின் வாயை நம்பி உள்ளே போனார்.